சோபாவில் தூங்குகிறவள் கணக்கில் இல்லை

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரியின் கடைசிப் பத்து நாள்களில் ஏதோ ஓர் இரவில் வீடற்றவர்களை எண்ணுகிறார்கள். தன்னார்வலர்கள் டார்ச் விளக்கும் கேள்வித்தாளுமாகப் பாலத்தடி, நடைபாதை, கார், கூடாரம் என்று தேடிப்போகிறார்கள். காப்பகங்களில் படுத்திருப்பவர்களும் அந்தக் கணக்கில் சேர்கிறார்கள். 2024இல் இப்படி எண்ணப்பட்ட முன்னாள் படைவீரர்கள் 32,882 பேர். 2010இல் எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்த எண் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று அரசு பெருமைப்படுகிறது.

இறங்கியது பொய்யல்ல. வாடகை உதவியையும் மருத்துவ, சமூகப்பணி ஆதரவையும் சேர்த்துக் கொடுத்ததில் பலருக்கு வீடு கிடைத்தது. ஆனால் அந்த டார்ச் வெளிச்சம் யார் மேல் விழுகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

வீடிழந்த பெண் தெருவில் படுக்கத் துணிவதில்லை. தோழி வீட்டு சோபாவில் ஒரு வாரம், அக்கா வீட்டில் ஒரு மாதம், கையில் காசிருந்தால் பிள்ளைகளோடு மலிவான விடுதியில் சில நாள். எதுவும் இல்லையென்றால், அடிக்கிறவன் வீட்டுக்கே திரும்புகிறாள். இந்த இடங்களில் எதிலும் ஜனவரி இரவின் கேள்வித்தாள் நுழையாது.

காப்பகத்துக்குப் போகலாமே என்பார்கள். படைப்பணிக் காலத்தில் பாலியல் வன்முறைக்கோ சீண்டலுக்கோ ஆளானீர்களா என்று முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகள் கேட்கும்போது, ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருவர் ஆம் என்கிறார். சீருடைக்குள் நடந்த கொடுமையைச் சுமப்பவளை, ஆண்கள் நிறைந்த கூடத்தில் கட்டிலைப் பகிர்ந்துகொள்ளச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2011இல் ஆராய்ந்தபோது, பெண்களை ஏற்ற தற்காலிகத் தங்கல் திட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவை பிள்ளைகளை ஏற்கவில்லை. அத்துறை அடையாளம் கண்ட வீடற்ற பெண்கள் 2006 நிதியாண்டில் 1,380 பேர்; 2010இல் 3,328 பேர். உண்மையில் எத்தனை பேர் என்பதற்கு முழுமையான தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது.

சொல்லும் சதி செய்கிறது. ‘நீங்கள் முன்னாள் படைவீரரா?’ என்று கேட்டால் பல பெண்கள் இல்லை என்கிறார்கள். அந்தச் சொல் போர்முனை ஆணுக்குரியது என்றே நாடு அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது. ‘படையில் பணியாற்றினீர்களா?’ என்று கேட்டால் ஆம் என்பார்கள்.

வீட்டு வன்முறையிலிருந்து தப்பி ஓடுகிறவரும் வீடற்றவரே என்று முன்னாள் படைவீரர் துறைக்கான சட்டம் ஏற்றதே 2016இல்தான். உதவி கோரும் உரிமை வந்தது. இரவல் சோபாவை எண்ணும் முறை வரவில்லை.

எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையல்ல. வாடகை உதவிச் சீட்டுகள் எந்த ஊருக்கு எத்தனை என்று பங்கிடும்போது இந்தக் கணக்கையும் பார்க்கிறார்கள். எண்ணப்படாதவளுக்குப் பங்கும் இல்லை. ஆகவே தோழிகளே, ‘குறைந்துவிட்டது’ என்று எந்த அரசு எதைச் சொன்னாலும் முதலில் கேளுங்கள்: எங்கே போய் எண்ணினீர்கள்? என்ன சொல்லிக் கேட்டீர்கள்? பெண் ஒளிந்து உயிர் பிழைக்கும் இடங்களுக்குப் போகாத கணக்கு அவளை இரண்டாம் முறை வீட்டைவிட்டுத் துரத்துகிறது.