கடமைப் பாதையில் உரிமைக்கு இடமில்லை

டில்லியில் ஆங்கிலேயர் இட்ட ‘கிங்ஸ்வே’ விடுதலைக்குப்பின் ‘ராஜபாதை’ ஆயிற்று, வெறும் மொழிபெயர்ப்புதான். 2022 செப்டம்பரில் மோடி அரசு அதனைக் ‘கர்த்தவ்ய பாதை’ என்றது; ஐந்தாம் ஜார்ஜ் நின்ற மண்டபத்தில் 28 அடி நேதாஜி சிலையையும் நிறுத்தியது.

கடமை யாருக்கு? 1988 அக்டோபரில் திகாயத் தலைமையில் விவசாயிகள் நாட்கணக்கில் அமர்ந்து போராடிய போட் கிளப் புல்வெளி இச்சாலையோரம்தான் உள்ளது. முந்தைய ஆட்சியினர் பேரணிகளுக்கு அடைத்த அவ்விடத்தை இவ்வரசும் திறக்கவில்லை. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, விவசாயிகள் சிங்கு, திக்ரி எல்லைகளில் குளிரில் தடுத்து நிறுத்தப்பட்டிருந்தனர். 2021 ஊரடங்கில் மக்கள் பிராணவாயுவுக்கு அலைகையில் இங்குக் கட்டுமானம் நிற்கவில்லை. 2023 மே 28 அன்று உள்ளே செங்கோல் நிறுவப்பட்டது. அக்கட்டடம் நோக்கிப் புறப்பட்ட மல்யுத்த வீராங்கனைகளைக் காவல்துறை இழுத்துச் சென்றது. போட் கிளப் புல்வெளியை மக்கள் பேரணிகளுக்குத் திறந்துவிடுக!