மாத்திரை வந்தால் மட்டும் போதுமா?

ஆனைக்குட்டத்திலிருந்து பட்டாசுத் தொழிலாளியான ஒரு தாயார் அண்மையில் எங்களிடம் வந்தார். எட்டு ஆண்டுகளாக நீரிழிவு நோய் உள்ளவர். மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அவருடைய வலது உள்ளங்காலில் புண் இருந்தது. வெயிலில் சுட்ட தரையில் வெறுங்காலுடன் நடந்ததால் கொப்புளித்த இடம் அது. வலியே இல்லாததால் அவர் அறியவில்லை. மகள்தான் முதலில் கண்டார். இத்தனை ஆண்டுகளில் எவரேனும் பாதத்தைச் சோதித்ததுண்டா என்று கேட்டோம். இல்லை என்றார்.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் அதன் வாயிலாக வீட்டு வாசலுக்கே வருகின்றன. கூலியை இழந்து வரிசையில் நின்றவர்களுக்கு இது பேருதவி. ஆயினும், மாத்திரை வருவதால் மருத்துவமனைக்கே செல்ல வேண்டியதில்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் ஆபத்தானது என்பதே எங்கள் கருத்து.

நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் பாத நரம்புகளையும் ஓசையின்றித் தாக்குகிறது. விழித்திரை பழுதடையத் தொடங்கும்போது பார்வை தெளிவாகவே இருக்கும். சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசியத் தொடங்கும்போது எந்த அறிகுறியும் தோன்றாது. அந்நிலையிலேயே கண்டறிந்தால் பாதிப்பு முற்றுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். பார்வை மங்கிய பின்னரோ, கால் வீங்கிய பின்னரோ வந்தால் இழந்ததை மீட்பது அரிது.

ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியேட்டினின், பாத உணர்வுச் சோதனை ஆகியவை தேவை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை ஆண்டுக்கு இருமுறையேனும் செய்ய வேண்டும். பாத உணர்வை ஒரு மெல்லிய நைலான் இழையால் தொட்டே அறியலாம். சில நிமிடங்கள் போதும்.

“ஒரு நாள் கூலி போகுமே” என்று நீங்கள் கூறுவதை நாங்கள் அறிவோம். கண்ணில் சொட்டு மருந்து இட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு வருபவரின் கூலியும் போகும். எனவே, தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் நாட்களில் ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். எல்லாச் சோதனைகளையும் அந்த ஒரே நாளில் முடித்து அனுப்புவது மருத்துவர்களாகிய எங்கள் கடமை. சர்க்கரை அளவை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதும் வழக்கத்தை நாங்களும் கைவிட வேண்டும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். இரவு உறங்குமுன் நோயாளியின் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் விளக்கொளியில் பாருங்கள். மருந்து அறைக்குள் வெறுங்காலுடன் வேலை செய்பவர்கள் வாசலிலேயே செருப்பை விட்டு, வெளியே வந்தவுடன் அணிந்துகொள்ளட்டும்.

அத்தாயாரின் புண் ஆறிவிட்டது. மகள் உரிய நேரத்தில் கண்டதால் கால் தப்பியது. அடுத்த முறை வரும்போது, “என் பாதத்தையும் பாருங்கள்” என்று எங்களிடம் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.