மலையக வழிவந்த முகாம் தமிழர்க்குக் குடியுரிமை: எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழரில் கணிசமானோர் மலையக வழிவந்தவர்கள், அதாவது இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இந்தியக் குடியுரிமை வழங்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. இது சலுகை அல்ல. 1964இல் இந்தியா கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கின் நிலுவை.

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அந்த மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த தகப்பனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் பெரும்பாலோர் 1952இல் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை.

பிறகு 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இப்படி நாடற்றுப்போன 9,75,000 பேரை, அவர்களில் ஒருவரையும் கேட்காமல் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் கொடுத்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. பலருக்கு முறை வருமுன் 1983 தமிழர் எதிர்ப்புக் கலவரம் வந்தது. அடுத்த ஆண்டு கப்பலும் நின்றது. உயிர்பிழைக்கப் படகேறி வந்தவர்கள் 'அகதிகள்'. ஒரே லயத்து அண்ணன் தாயகம் திரும்பியவர், தம்பி அகதி!

இந்தியா தன் பங்குக்குக் கதவை இறுக்கிக்கொண்டே வந்தது. 1987 ஜூலை முதல், இங்கே பிறந்தாலும் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2004 டிசம்பருக்குப் பின், பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றாலே பிள்ளைக்கு அது கிடையாது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்த பெண் உள்ளூர்க்காரரை மணந்தாலும் பிள்ளை இந்தியர் ஆகாது. பதிவு செய்து குடியுரிமை பெறும் வழியையும் அதே திருத்தம் அவர்களுக்கு அடைத்தது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்களித்தது. வரவேற்கிறோம். ஆனால் தண்டனை இல்லை என்பதால் குடியுரிமை வந்துவிடவில்லை. பெயிண்ட் வேலைக்கு வெளியூர் போனவர் முகாமின் ஆள் தணிக்கை நாளில் வேலையை விட்டு முகாமுக்கு ஓடிவர வேண்டியிருக்கிறது. பட்டம் பெற்ற மகள் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க முடிவதில்லை.

'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையை இவர்கள் மீதிருந்து மத்திய அரசு நீக்க வேண்டும். கண்டியில் வழங்கிய ஆவணங்களைச் சான்றாக ஏற்க வேண்டும். ஆவணம் தொலைத்தவர்களுக்கு மாநில அரசு முகாமுக்கே வந்து விசாரித்துச் சான்று தர வேண்டும்.

நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் வாழும் தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் கண்டியில் கொடுத்த பழைய குடும்ப அட்டை இருந்தால் அதன் நகலை முகாமிலுள்ள உங்கள் உறவினருக்கு அனுப்புங்கள். அவர்கள் விண்ணப்பத்துக்கு அது ஆதாரமாகும்.