லூதரும் காணாமல் போன பதினொரு நாளும்

குறிஞ்சிப்பாடியில் ஒரு தைப்பூசக் காலத்துப் பட்டிமன்றம். பேச்சாளர் ஒருவர் மேசையைத் தட்டிச் சொன்னார்: “ஐரோப்பாவுக்கு லூதர் கிடைத்தார், அறிவியல் வந்தது. நமக்கு வள்ளலார் கிடைத்தார், அடுப்புதான் வந்தது.” கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் பக்கத்தில் இருந்த தறிக்காரரும் தட்டினார். வருஷம் தவறாமல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அந்த அடுப்புக்கு அரிசி மூட்டை அனுப்புகிறவர் அவர்.

மதத்தைத் திருத்தினால் அறிவியல் தானாக முளைக்கும், போப்பை எதிர்த்தவன் வெளிச்சத்தில் நின்றான், அவரோடு நின்றவன் இருட்டில் கிடந்தான் என்ற கதை நம் மேடைகளில் வெகுகாலமாக ஓடுகிறது. கேட்கச் சுகமான கதை. ஆனால் நம் கடற்கரையிலேயே பொய்த்துப் போன கதை.

1690இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. வடக்கே கொஞ்ச தூரத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள். இரண்டு ஊருக்கும் ஒரே வெயில், ஒரே நிலா, ஆனால் ஒரே தேதி இல்லை. சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்த நாளைப் பாருங்கள்: புதுச்சேரிக் கணக்கில் அது 1746 செப்டம்பர் 21, கடலூர்க் கணக்கில் செப்டம்பர் 10. பதினொரு நாள் எங்கே போயிற்று?

பழைய ஜூலியன் நாள்காட்டியின் ஆண்டு, உண்மையான ஆண்டைவிடப் பதினோரு நிமிடம் நீளம். நூற்றாண்டுகள் சேரச் சேர நாள்கள் நழுவின. அதைச் சரிசெய்தவர் போப் பதின்மூன்றாம் கிரகோரி. கணக்கை முன்னின்று காத்தவர் கிளேவியஸ் என்ற இயேசு சபைத் துறவி. 1582 அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 என்றார்கள்; அந்தப் பத்து நாள் வித்தியாசம் பின்னால் பதினொன்றானது. கணக்கு சரி. ஆனாலும் போப்பை உதறிச் சீர்திருந்திய இங்கிலாந்து 1752 வரை அதை ஏற்கவில்லை. கெப்ளரின் ஆசிரியர் மெஸ்ட்லின் பூமி சுற்றுகிறது என்று நம்பியவர். அவரே போப்பின் நாள்காட்டியை எதிர்த்து எழுதினார். வானத்தில் சூரியனை நிறுத்தியவருக்குச் சுவரில் போப்பின் தேதியை மாட்ட மனமில்லை. அதே சமயம், பரங்கிப்பேட்டையில் கடை விரித்த டச்சுக்காரர்களும் சீர்திருந்தியவர்கள்தாம். அவர்களுடைய ஹாலந்து மாகாணமோ புதுத் தேதியைச் சட்டென்று ஏற்றுக்கொண்டது. ஆக, சபையைச் சொன்னால் தேதியைச் சொல்லிவிட முடியாது.

தேவனாம்பட்டினம் கைமாறுவதற்குச் சில மாதம் முன்பு, 1689 டிசம்பரில், புதுச்சேரியில் ஒருவர் தொலைநோக்கியில் வால்மீன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்பா சென்டாரி ஒரு விண்மீன் அல்ல, இரண்டு என்று அப்போது கண்டார். ரிஷோ என்ற அந்த மனிதரும் இயேசு சபைப் பாதிரியார்தான்.

இதற்காகக் கட்சி மாறி ரோமாபுரிக்கு மாலை போடச் சொல்லவில்லை. 1633இல் கலிலேயோவை மண்டியிட வைத்தது ரோமாபுரி. கெப்ளரின் தாயைச் சூனியக்காரி என்று சங்கிலியில் பூட்டியது லுத்தரன் ஊர். கோப்பர்நிக்கஸின் 1543 நூல் ஒன்றே போதும். எழுதியவர் கத்தோலிக்கப் பேராலயத்து அதிகாரி. அதை அச்சுக்குத் தள்ளியவர் லூதரின் விட்டன்பர்க்கில் கணிதம் கற்பித்த ரேடிகஸ். அச்சானது லுத்தரன் நகரமான நூரம்பர்க்கில். காணிக்கை போப்புக்கு. ‘இது வெறும் ஊகம்தான்’ என்று பேர் போடாமல் முன்னுரை செருகியவர் ஒரு லுத்தரன் போதகர். இந்தச் சிக்கலில் எந்த நூலைப் பிடித்து இழுத்து, இதுதான் அறிவியலைப் பெற்றது என்பீர்கள்?

பெற்றவை வேறு. அச்சு இயந்திரம், கண்ணாடி தேய்த்தவரின் கை, நடுக்கடலில் வழி தேடிய மாலுமியின் அவசரம், அரபிகள் வழியாகப் போன நம்முடைய எண்கள், வானம் பார்க்கச் சம்பளம் கொடுத்த அரசர்கள். லூதரும் கோப்பர்நிக்கஸும் ஒரே அச்சகத்தில் வளர்ந்த பிள்ளைகள்; ஒருவரை மற்றவருக்குத் தகப்பனாக்குகிறோம். பிற்பாடு பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் அறிவியலுக்குத் தோள் கொடுத்தது உண்மை. தோள் கொடுத்தவர் எல்லாம் தாயாகிவிட மாட்டார்.

லூதர் வந்தால் அறிவியல் வருமென்றால் நமக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். அவருடைய சபை 1706இலேயே, தெற்கே தரங்கம்பாடியில் வந்து இறங்கியது. அதன் போதகர் சீகன்பால்கு அச்சகம் வைத்தார், பள்ளி வைத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். எல்லாம் பெரிய காரியங்கள். 1768இல் அந்தச் சபைக்கு மருத்துவராக வந்த கோனிக் இங்கே செடி கொடிகளைச் சேகரித்தார். மாதிரிகள் கப்பலேறி ஐரோப்பா போயின. ஆய்வுக்கூடம் இங்கே முளைக்கவில்லை.

மறுபக்கத்தில் வள்ளலாரின் அன்பர்கள் சிலர் இதே பொறியில் விழுகிறார்கள். அருட்பெருஞ்ஜோதி என்றால் அணுச்சக்தி, வடலூர்ச் சபையின் ஏழு திரை என்றால் ஒளியின் ஏழு நிறம் என்று விளக்கம் சொல்கிறார்கள். பட்டிமன்றக்காரர் கேட்ட சான்றிதழைத்தான் இவர்களும் போலியாக அச்சிட்டு நீட்டுகிறார்கள்.

வள்ளலார் அந்தத் தேர்வுக்கு உட்காரவே இல்லை. 1866இல் சென்னை மாகாணம் பஞ்சத்தில் வாடியது. 1867 மே 23 அன்று வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பந்தியில் உட்காருகிறவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை. இதைத் தரங்கம்பாடியோடு ஒப்பிடுங்கள்: சீகன்பால்கு கட்டிய 1718ஆம் ஆண்டுக் கோவிலில் கிறிஸ்தவர்களே சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். அச்சகத்தோடு வந்த சீர்திருத்தம் பாயைச் சேர்த்துப் போடவில்லை.

வள்ளலாரிடமும் வழக்காட இடமிருக்கிறது. புலால் உண்பவரைப் புறவினத்தார் என்று பிரித்தார். பசிக்குச் சோறு உண்டு, சங்கத்துக்குள் இடமில்லை என்றார். மீன்பிடிக்கிற தேவனாம்பட்டினத்துக்காரர் அதைக் கேட்டு முகம் சுளித்தால் நியாயம்தான். அந்தப் பேச்சாளர் அதைக் கேட்டிருக்கலாம். நானும் சேர்ந்து கை தட்டியிருப்பேன். அவரோ, அடுப்பு மூட்டியவர் ஏன் தொலைநோக்கி செய்யவில்லை என்று கேட்டுவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு வண்டியேறினார்.