உடற்பருமன்: வாகின் குறையா, வாயின் குறையா?

உடல் பெருத்த ஒருவரைப் பற்றிக் கொங்கு வட்டாரப் பேச்சில் இரண்டு தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன: "அது அவங்க குடும்ப வாகு" என்பது ஒன்று, "வாயைக் கட்டத் தெரியல" என்பது மற்றொன்று. முன்னது பழியைப் பிறப்பின் மீதும், பின்னது அந்த மனிதரின் மனத்திண்மையின் மீதும் சுமத்துகின்றன. செய்வதற்கு ஏதுமில்லை என்றோ, செய்ய வேண்டியவர் அவர் ஒருவரே என்றோ சொல்லி, ஊரார் விலகிக்கொள்ள இரண்டுமே இடம் தருகின்றன. கோவை மாவட்டத்தின் கருமத்தம்பட்டியிலும் அதைச் சூழ்ந்த விசைத்தறி ஊர்களிலும் பொது நலம் குறித்துப் பணியாற்றும் இவ்வமைப்பு, இரு தீர்ப்புகளையும் ஏற்க மறுக்கிறது. ஒரே சூழலில் வாழ்வோருள் யார் பெருப்பார் என்பதில் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு தலைமுறைக்குள் இத்தனை பேர் ஏன் பெருத்தனர் என்பதற்கான காரணமோ சூழலில் இருக்கிறது. இவ்விரண்டிலும் தனிமனிதரின் குற்றம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவே என்பது இவ்வமைப்பின் நிலைப்பாடு.

உடற்பருமன் என்பது, உடல்நலத்துக்கு ஊறு விளைவிக்கும் அளவுக்குக் கொழுப்புத் திசு மிகுந்துவிட்ட நிலையாகும். அதை மதிப்பிட வழக்கமாகக் கையாளப்படும் உடல் நிறைக் குறியீடு, கிலோகிராமில் எடுத்த எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் இருமடியால் வகுக்கக் கிடைக்கும் எண். உலக அளவில் இந்த எண் 25 ஆனால் மிகையெடை என்றும் 30 ஆனால் பருமன் என்றும் கொள்ளப்படுகிறது. ஆயினும் தெற்காசியரின் உடல், குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்து கொழுப்பைச் சேர்க்கும் இயல்புடையது என்பதால், 2009-இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23-ஐ மிகையெடைக்கும் 25-ஐப் பருமனுக்கும் எல்லையாக வகுத்தனர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 63 கிலோவிலேயே முதல் எல்லையைத் தொட்டுவிடுகிறார், 68 கிலோவைத் தாண்டும்போது இரண்டாவதையும் கடக்கிறார். ஊரார் கண்ணுக்கு அவர் வெறுமனே நல்ல உடம்புக்காரர். எனவே எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளப்பது இங்கு இன்றியமையாதது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கைக் கோடுகளாகும்.

தமிழ்நாட்டில் இந்நிலை எவ்வளவு விரைவாகப் பரவியது என்பதைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. குறியீடு 25-ஐ எட்டிய, 15 முதல் 49 வயது வரையிலான பெண்கள் 2015-16-இல் 30.9 விழுக்காடாக இருந்து, 2019-21-இல் 40.4 விழுக்காடாக உயர்ந்தனர், ஆண்கள் 28.2-லிருந்து 37 விழுக்காடாயினர். அதே கணக்கெடுப்பில் இந்தியா முழுமைக்குமான பெண்களின் அளவு 24 விழுக்காடு மட்டுமே. ஐந்தாண்டுகளில் ஒரு மக்கள்தொகையின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. பத்துப் பெண்களில் ஒருவர் புதிதாக இந்த எல்லைக்குள் வந்ததற்கு மரபைக் காரணம் காட்டுவது பொருந்தாது. அதேபோல், ஐந்தாண்டுகளில் பத்தில் ஒருவரின் ஒழுக்கம் திடீரென்று தளர்ந்துவிட்டது என்பதும் நம்பத்தக்கதாயில்லை.

எனினும் மரபை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கான சான்றுகள் வலுவானவை. ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு, டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களின் உடல்வாகு, பெற்றவர்களின் உடல்வாகோடு தெளிவாக ஒத்துப்போனது. சோறூட்டி வளர்த்தவர்களின் உடல்வாகோடு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. 1990-இல் கனடாவின் கியூபெக்கில் கிளாட் புஷார் நடத்திய சோதனையில், ஒரே கருவிலிருந்து பிரிந்த 12 இரட்டையர் இணைகளுக்கு வாரத்தில் ஆறு நாள் வீதம் 84 நாட்கள், நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடுதலாக உணவு தரப்பட்டது. அனைவரும் உண்ட மிகை உணவு ஒன்றே. ஆனால் கூடிய எடை ஒருவருக்கு 4.3 கிலோவும் மற்றொருவருக்கு 13.3 கிலோவுமாக வேறுபட்டது, ஓர் இணையின் இருவருக்கும் இடையே மட்டும் அது நெருங்கி நின்றது. ஒரே பேக்கரியில் ஒரே தேங்காய் பன்னை நாள்தோறும் தின்னும் இருவரில் ஒருவர் மட்டும் பெருப்பதைக் கண்டு, மற்றவர் கட்டுப்பாடானவர் என்று முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை இந்த ஒரு சோதனையே உணர்த்துகிறது.

மரபுவழிப் பங்கு, அதாவது மனிதருக்கு மனிதர் எடை வேறுபடுவதில் மரபணு வேறுபாட்டால் விளக்கப்படும் பகுதி, 40 முதல் 70 விழுக்காடு வரை என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இவ்வெண் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. ஒருவரது எடையில் 70 விழுக்காடு மரபால் வந்தது என்பது அதன் பொருளன்று. மண்ணையும் மழையையும் உவமையாகக் கொண்டால் இது விளங்கும். ஒரே மழை பெய்தாலும் கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, செம்மண் வடியவிடுகிறது. எந்தக் காட்டில் நீர் தங்கும் என்பதை மண் முடிவு செய்கிறது. ஆனால் ஐந்தாண்டுகளுக்கு முன் காய்ந்து கிடந்த காடுகளெல்லாம் இன்று சேறாகக் கிடக்குமானால், மாறியது மண்ணன்று, மழையே. மரபுவழிப் பங்கு மண்ணைப் பற்றிய எண். பருமன் பெருகியது மழையைப் பற்றிய செய்தி.

மரபு மட்டுமே பருமனை உண்டாக்கும் நிகழ்வுகளும் உண்டு, அவை அரியவை. பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன், கொழுப்புத் திசுவில் சுரப்பது 1994-இல் கண்டறியப்பட்டது. 1997-இல் இங்கிலாந்தில், நெருங்கிய உறவில் மணம் செய்த பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்தின் இரு குழந்தைகளுக்கு அதைச் சுரக்கும் மரபணு பழுதுபட்டிருந்தது தெரியவந்தது. அவர்களில் 9 வயதில் 94 கிலோ எடையிருந்த சிறுமிக்கு லெப்டின் ஊசி தொடங்கியதும் அடங்காப் பசி அடங்கி, ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. அக்குழந்தையிடம் எந்த மனவுறுதியையும் யாரும் புகட்டவில்லை என்பது கவனத்துக்குரியது. முறைமாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் இன்னும் நிலவும் இம்மண்ணில், ஐந்து வயதுக்கு முன்பே மிகையாகப் பெருத்து ஓயாப் பசியோடு இருக்கும் குழந்தையை, அதட்டுவதற்கு முன் மரபியல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று இவ்வமைப்பு வலியுறுத்துகிறது. ஏனையோரிடம் செயல்படுபவை, தனித்தனியே சிறு விளைவுடைய நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள். அவற்றுள் 2007-இல் இனங்காணப்பட்ட எஃப்டிஓ மரபணுவின் இடர்மிகு வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர், பெறாதவரைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுடன் இருக்கிறார். 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டிய 2011-ஆம் ஆண்டு ஆய்வு, உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த மரபணுவின் விளைவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தணிவதைக் காட்டியது.

அப்படியானால் மாறிய மழை எது? மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கும் கொங்கு மேட்டுநிலத்தில் சோளமும் கம்பும் ராகியுமே அன்றாட உணவாயிருந்தன. நெல்லஞ்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும் உரியது. கிணற்றிலிருந்து எருது பூட்டிக் கவலை இறைத்த உழைப்பை, 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் பரவிய மின்மோட்டார் படிப்படியாக அகற்றியது; அதே மின்சாரம் பஞ்சாலைகளையும், பின்னர் சோமனூர், கருமத்தம்பட்டிப் பகுதியின் விசைத்தறிகளையும் ஓட்டியது. பழைய உடலுழைப்பைப் பொற்காலமாகப் பாடுவது இவ்வமைப்பின் நோக்கமன்று. அக்கால மெலிவில் பட்டினியின் பங்கு பெரிது. ஆனால் உழைப்பின் தன்மை மாறிய அதே காலத்தில் உணவும் நேரமும் மாறின. தறிக்கும் தறிக்கும் இடையே பன்னிரண்டு மணி நேரம் நின்று பாவு அறாமல் பார்த்திருப்பவர் களைத்துப் போகிறார், ஆனால் காட்டில் மண்வெட்டி பிடித்தவர் அளவுக்கு அவர் உடல் ஆற்றலைச் செலவிடுவதில்லை. இரவு ஷிப்டு உறக்கத்தைக் குலைக்கிறது. உறக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, நிறைவை உணர்த்தும் ஹார்மோன் குறைகிறது. அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை சர்க்கரை மிகுந்த டீயும் பன்னும் பப்ஸும். இதை வாழ்க்கைமுறைத் தேர்வு என்று அழைப்பது, கூலிக்கு நெய்பவர் ஷிப்டைத் தாமே தேர்ந்தெடுத்ததாகப் பாவிப்பதாகும்.

ரேஷன் அரிசி இவ்வட்டாரத்தின் பசியைத் தீர்த்தது. 2011 முதல் அது விலையின்றியே கிடைக்கிறது. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச இவ்வமைப்புக்கு விருப்பமில்லை. ஆயினும் விலையில்லா அரிசியோடு மானிய விலையில் சர்க்கரையும் பாமாயிலும் வந்து, பருப்பு மாதத்துக்கு ஒரு கிலோ அளவில் நிற்கும்போது, தட்டு எப்பக்கம் சாயும் என்பது தெளிவு. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நாடெங்கும் நடத்திய ஆய்வின் 2025-ஆம் ஆண்டு வெளியீடு, இந்தியர் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. மாவுச்சத்தின் ஒரு பகுதிக்கு ஈடாகப் பருப்பு, பால் வழிப் புரதம் சேர வேண்டும் என்பதே அதன் செய்தி. அரிசிக்குப் பதில் அதே அளவு சிறுதானியத்தை வைப்பதால் மட்டும் அது நிறைவேறாது. சர்க்கரை கலந்த கம்பு பிஸ்கட்டைப் பாரம்பரிய உணவென்று விற்பது ஏமாற்று வேலை.

சூழல் எவ்வளவு செய்யும் என்பதற்குப் பீமா பழங்குடியினரைப் பற்றிய 1994-ஆம் ஆண்டு ஒப்பீடு சான்று. மரபால் நெருங்கிய அவர்களுள், மெக்சிகோ மலையில் உழுது வாழ்ந்தோரின் குறியீடு சராசரி 25-ஐ ஒட்டியும், அமெரிக்காவின் அரிசோனாவில் வாழ்ந்தோருடையது 33-ஐத் தாண்டியும் இருந்தன. பஞ்சத்தில் பிழைத்தவர்களின் சேமிக்கும் மரபணுவே இன்றைய பருமனுக்குக் காரணம் என்று ஜேம்ஸ் நீல் 1962-இல் முன்வைத்த கருத்து, 1876-78 பெரும் பஞ்சத்தை நினைவில் கொண்ட இம்மாவட்டத்தில் எளிதில் செல்லுபடியாகிறது. அது நிறுவப்படாத கருதுகோள் என்பதால், இவ்வமைப்பு தன் வாதத்தில் அதைப் பயன்படுத்தவில்லை.

மரபு, வாழ்க்கைமுறை என்ற இரண்டுக்குள்ளும் அடங்காத ஒன்று கருப்பை. புனேவில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் கண்டறிந்தபடி, அங்குப் பிறக்கும் குழந்தைகள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளைவிட ஏறத்தாழ 800 கிராம் இலேசானவை. குறைந்தது தசையும் உறுப்புகளும், கொழுப்போ அந்த விகிதத்தில் குறையவில்லை. தாயின் ஊட்டக் குறை இப்படிக் குழந்தையின் உடலமைப்பாகப் பதிகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என்பதையும், 40.4 விழுக்காட்டினர் மிகையெடையோ பருமனோ உடையவர்கள் என்பதையும் ஒரே கணக்கெடுப்பு சொல்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு நல்ல உணவு கிடைக்கச் செய்வது, நாற்பதாண்டுக்குப் பின் வரப்போகும் பருமனைத் தடுக்கும் வேலையுமாகும். அதைத் தனித்துறையின் தனித்திட்டமாக மட்டும் காண்பது குறுகிய பார்வை.

உடல் பெருத்தோர் சோம்பேறிகள் என்ற எண்ணத்துக்கு இவ்வட்டாரமே மறுப்பு. தைப்பூசத்துக்குப் பழனிவரை நடந்து செல்லும் கூட்டத்தில் எல்லா உடல்வாகினரும் இருக்கின்றனர்; அந்தத் திண்மை உள்ளவர்கள் மற்ற நாட்களில் நடக்காதிருப்பதற்கு, தேசிய நெடுஞ்சாலை 544 ஊரை ஊடறுத்து ஓடும் இடத்தில் ஒரு பெண் விடியற்காலையில் அச்சமின்றி நடக்க ஓர் இடமில்லாததே பெருங்காரணம். எடை குறைத்தவர்களுக்கு அது மீண்டும் ஏறுவதும் பலவீனத்தால் நேர்வதன்று. குறைந்த எடையை ஆபத்தாகக் கருதும் உடல், ஆற்றல் செலவைச் சுருக்கிப் பசியைக் கூட்டுகிறது. 2025 முதல் இந்தியச் சந்தைக்கு வந்துள்ள எடைகுறைப்பு ஊசிகளை நிறுத்தியதும் எடை பெரும்பாலும் திரும்புவது அதனால்தான். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவரை யாரும் இகழ்வதில்லை. மருத்துவர் கண்காணிப்பில் பருமனுக்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ பெறுபவருக்கும் அதே மதிப்பு உண்டு. அழகுக்காகத் தாமே ஊசி வாங்கிப் போட்டுக்கொள்வதை இவ்வமைப்பு ஆதரிக்கவில்லை.

இந்நிலைப்பாட்டிலிருந்து எழும் கோரிக்கைகளுள் முதன்மையானது ரேஷன் கடை பற்றியது. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்கு ஈடாக 2 கிலோ ராகி பெறும் வாய்ப்பு தொடங்கியது. அது கோவை மாவட்டத்துக்கும் வர வேண்டும், அதனினும் மேலாகப் பருப்பின் அளவு உயர வேண்டும். பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை மாணவருக்கு விற்பதைத் தடுக்கும் 2020-ஆம் ஆண்டு விதி, கடைக்காரர்களுக்கு மாற்று வழி காட்டப்பட்டு நடைமுறைக்கு வர வேண்டும். தறி உரிமையாளர்கள், தாங்களும் கூலி உயர்வுக்குப் போராடுவோர் என்பதை உணர்ந்தே, இரவு ஷிப்டைத் தொடர்ந்து ஒருவர் மீதே சுமத்தாமல் முறைமாற்றிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். 2021-இல் நகராட்சியான கருமத்தம்பட்டி, அரசுப் பள்ளி மைதானங்களை விடியற்காலையிலும் அந்தியிலும் விளக்கொளியோடு பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும். வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும்போது ஓர் அளவுநாடாவையும் எடுத்துச் செல்ல வேண்டும். அளந்த எண்ணை வீட்டார் அனைவர் முன்னும் உரக்கச் சொல்லாமல், அளக்கப்பட்டவரிடம் மட்டும், அவர் எப்போது உறங்குகிறார், என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் யாருக்குப் பின் உண்கிறார் என்று கேட்ட பிறகு சொல்ல வேண்டும்.