பங்குனியில் செய்யும் செலவு வரியைக் குறைக்குமா?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. விளைந்ததை அப்படியே சந்தையில் போட்டுவிட்டு வந்த காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். விளைந்த மஞ்சளைப் பொடியாக்கி, உறையிலிட்டு, ஆன்லைன் மூலம் வெளியூருக்கு அனுப்பும் சிறு விவசாயிக்கு அது பொருந்தாது. அவர் கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது.

2025ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்களிடம் பயிற்சி பெற்ற ஓர் அம்மையார், தம் ஒன்றரை ஏக்கர் மஞ்சளோடு அக்கம்பக்கத்தாரின் மஞ்சளையும் வாங்கிப் பொடியாக்கி ஆன்லைனில் விற்கிறார். ஆண்டு விற்பனை 9 லட்சம் ரூபாய். "31ஆம் தேதிக்குள் வாங்கினால் எல்லாம் வரியில் கழிந்துவிடும்" என்று இயந்திரக் கடைக்காரர் சொன்னதை நம்பி, 1,20,000 ரூபாய்க்குக் கடனில் ஒரு பல்வரைசர் வாங்கிவிட்டார். மும்முனை மின் இணைப்பு கிடைக்க ஆடி மாதம் ஆயிற்று. அதுவரை இயந்திரம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வட்டி மட்டும் ஓடிற்று.

இதில் வேதனை என்னவென்றால், அவருக்குக் கட்டவேண்டிய வரியே இல்லை. சிறு வியாபாரிகளுக்கென உத்தேச வருமானக் கணக்கு முறை ஒன்று சட்டத்தில் உண்டு. வங்கி வழியாக வரும் விற்பனைத் தொகையில் 6 சதவிகிதமும், ரொக்க விற்பனையில் 8 சதவிகிதமும் லாபம் என்று காட்டினால் போதும். 9 லட்சத்துக்கு 6 சதவிகிதம் 54,000 ரூபாய். வேறு வருமானம் இல்லாதவருக்கு இது வரி வரம்புக்கு வெகு கீழே. இம்முறையில் செலவுகளைத் தனியே கழிக்க இடமில்லை. ஆகவே மார்ச்சில் இயந்திரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வரிக் கணக்கு ஒன்றுதான்.

செலவுகளை எழுதிக் கணக்கு வைப்பவருக்காவது லாபமா என்று பார்ப்போம். இயந்திரத்தின் விலை முழுவதையும் ஒரே ஆண்டில் செலவாகக் கழிக்க முடியாது. ஆண்டுக்கு 15 சதவிகிதம் தேய்மானம் மட்டுமே கழியும். அதுவும் இயந்திரம் அந்த நிதியாண்டில் ஓடியிருக்க வேண்டும். ஓடியது 180 நாட்களுக்குக் குறைவானால் பாதி மட்டுமே. அதாவது 1,20,000 ரூபாய் இயந்திரத்தை மார்ச்சில் வாங்கி ஓட்டினால் கழிவது 9,000 ரூபாய்தான். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு வியாபாரிக்கு வரி இல்லை, மிச்சமும் இல்லை. 14 லட்சம் வருமானம் உள்ளவருக்கு 15 சதவிகித விகிதத்தில் 1,350 ரூபாயும் மேல்வரியும் மிச்சமாகும். இந்த 1,350 ரூபாய்க்காகவா 1,20,000 ரூபாய் கடன்? இயந்திரம் தேவையென்றால் அக்டோபர் பிறப்பதற்குள் வாங்கி ஓட்டுங்கள். முழுத் தேய்மானமும் கிடைக்கும்; மஞ்சள் அறுவடைக்கும் இயந்திரம் தயாராக இருக்கும்.

சரக்கு வாங்கிக் குவிப்பதும் இதே கதைதான். மார்ச் கடைசியில் 30,000 ரூபாய்க்கு மஞ்சள் வாங்குகிறீர்கள். 31ஆம் தேதி மாலை அது மூட்டையாகவே இருந்தால், அதே 30,000 ரூபாய் கையிருப்பாக எழுதப்படும். செலவு ஒரு பக்கம், இருப்பு மறுபக்கம். லாபம் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அறுவடைக் காலத்தில் வரத்து மிகுந்து விலை இறங்கியிருக்கும்போது வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் அது விலைக்காக வாங்குவது, வரிக்காக அன்று.

அப்படியானால் மார்ச்சில் செய்யவேண்டியது எதுவும் இல்லையா? உண்டு.

முதலாவது, 31ஆம் தேதி மாலை இருப்பை எடை போட்டு எழுதுங்கள். ஈரம் பட்டுக் கெட்ட பொடியையும், காலாவதியான பாக்கெட்டையும் நல்ல சரக்கின் விலையில் எழுதாதீர்கள்.

இரண்டாவது, ஏற்கனவே வாங்கிப் பயன்படுத்திய உறை, அட்டைப்பெட்டி ஆகியவற்றின் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். கணக்கு எழுதிச் செலவைக் கழிப்பவர், பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்குத் தரவேண்டிய பணத்தை 15 நாட்களுக்குள், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகம் போனால் 45 நாட்களுக்குள், தரவேண்டும். தவறினால் பணம் கொடுத்த ஆண்டில்தான் அது செலவாகக் கழியும். 2023-24 நிதியாண்டு முதல் இந்த விதி உண்டு.

மூன்றாவது, ஆன்லைன் நிறுவனம் தரும் விற்பனைப் பட்டியலை வங்கிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். வங்கிக்கு வருவது கமிஷனும் அனுப்பும் கூலியும் போக மீதி. உங்கள் விற்பனை அதுவன்று. வாங்கியவர் கொடுத்த முழுத்தொகையே. 6 சதவிகிதம் அதன் மேல்தான். திரும்பி வந்த சரக்கையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது. விளைவித்த விவசாயியிடமே விளைபொருள் வாங்கும்போது இதற்கு விலக்கு உண்டு. உறைக்கும் இயந்திரத்துக்கும் இல்லை.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சொந்த மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, விரலியாக விற்கும் வரை அது சாகுபடி வருமானம். வருமான வரி இல்லை. பொடியாக்கி விற்கும்போது, பொடியாக்கியதால் கூடிய லாபமே வியாபார வருமானம். கணக்கு எழுதுபவர், தம் வயல் மஞ்சளுக்குச் சந்தை விலையைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அரைக்கும் நாளில் விற்பனைக்கூட விலையை நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு நிமிட வேலைதான். மார்ச் மாதத்துப் பரபரப்புக் கொள்முதல் எதையும்விட இது அதிகம் உதவும்.

குறையை விவசாயிகள் மீது மட்டும் சுமத்த மாட்டேன். காயவைக்க, அரைக்க, பெயர்ச்சீட்டு ஒட்ட என்று நாங்கள் நாட்கணக்கில் பயிற்சி தருகிறோம். கணக்கு எழுதக் கற்றுத்தருவதோ கடைசி நாளின் கடைசி அரைமணி நேரம். அந்த அரைமணி ஒரு முழு நாளாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த அம்மையார் கடைக்காரரை நம்பியதற்கு, நாங்கள் சொல்லத் தவறியதும் ஒரு காரணம்.

பருவம் பார்த்து விதைக்கிறோம். ஈரம் பார்த்து உழுகிறோம். செலவுக்கும் அதுவே முறை. தேவை வரும்போது வாங்குங்கள். வாங்கிய அன்றே எழுதுங்கள். "மார்ச் 31க்குள் வாங்குங்கள்" என்று யார் சொன்னாலும், "எனக்கு எத்தனை ரூபாய் வரி குறையும்? காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் காட்ட முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.