சமூகப்பணியில் பதிவேடு: யாருக்காக எழுதுகிறோம்?

சமூகப்பணி என்றதும் நம் நினைவுக்கு வருவது வீடு வீடாகப் போவதும், கூட்டம் நடத்துவதும், மனு எழுதிக் கொடுப்பதும்தான். பதிவேடு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. களப்பணிக்குப் போகும் மாணவர்களுக்கு அது மதிப்பெண்ணுக்காக எழுதும் அறிக்கை. தொண்டு நிறுவனங்களுக்கு அது நிதி கொடுத்தவரிடம் காட்ட வேண்டிய கணக்கு. ஆனால் பதிவேடு யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ, அவருக்குத்தான் அது முதலில் பயன்பட வேண்டும் என்பது என் கருத்து. பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களை வைத்தே இதை விளக்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில், ஏரியையும் வங்கக் கடலையும் நம்பி வாழும் மீனவ ஊர்களில் ஒன்று லைட்ஹவுஸ் குப்பம். இப்படிப்பட்ட ஊரில் கடலுக்குப் போன ஒருவர் திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்ததாகக் கருதலாம் என்பது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் விதி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அதே விதி தொடர்கிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், காப்பீடு என்று எதற்குப் போனாலும் அந்தக் குடும்பத்திடம் கேள்விகள் வரும். எந்தத் தேதியில் போனார்? கூடப் போனது யார்? எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தீர்கள்? மனு எண் என்ன?

அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இதையெல்லாம் யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். அன்று அங்கே போகும் சமூகப்பணியாளர் எழுதினால்தான் உண்டு. ஆறுதல் சொல்வதும் அவசியம்தான். ஆனால் 7 ஆண்டு கழித்து அந்தப் பெண்ணுக்குக் கைகொடுக்கப்போவது தேதி போட்டு எழுதிய ஒரு பக்கக் குறிப்பு.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி இதைப் பெரிய அளவில் காட்டியது. தமிழகக் கடற்கரை முழுவதும் உதவி செய்ய நிறுவனங்கள் குவிந்தன. யார் எந்த ஊருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று ஒருங்கிணைக்கவே நாகப்பட்டினத்தில் தனியாக ஒரு ஒருங்கிணைப்பு மையம் தேவைப்பட்டது. சில இடங்களில் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை உதவி போனது, சிலருக்கு எதுவும் போகவில்லை. பட்டியல்கள் பெரும்பாலும் படகையும் வலையையும் குடும்பத் தலைவரையும் வைத்துத் தயாரானவை. தலையில் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்கும் அன்று தொழில் போனது. ஆனால் அவருடைய கூடையும் தராசும் முதலும் பல பட்டியல்களில் வரவே இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் விட்டிருக்க வேண்டியதில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

படிப்பறிவு குறைந்த மக்களிடம் பதிவேடு பற்றிப் பேசி என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குப் பழவேற்காட்டின் பாடு முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் இறால் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. அதற்கு உரிமை உள்ளவர்களின் பட்டியல் உண்டு, குலுக்கல் உண்டு. எல்லோர் முன்னாலும் நடப்பதால் தன் முறை எப்போது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும், தவறு நடந்தால் அங்கேயே கேட்கலாம். நம் அலுவலக அலமாரியில் இருக்கும் எத்தனை கோப்புகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

பாடு முறையிலும் குறை இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஊர்களுக்கு ஏரியில் பங்கு கிடைக்காததால் பல சண்டைகள் வந்திருக்கின்றன. பட்டியல் என்பது சிலரைச் சேர்க்கும்போதே சிலரை வெளியே நிறுத்துகிறது. அதனால் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் யார் பெயர் விட்டுப்போயிற்று என்று கேட்டாக வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மீனவர் நல வாரியத்தின் உதவிகளும் உறுப்பினராகப் பதிந்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வைக்கவும் கூடாது. குப்பத்தில் வீட்டுக்கு வீடு உறவு. கணவன் அடித்ததைச் சொன்ன பெண்ணின் குறிப்பு வெளியே தெரிந்தால் அவருக்கே ஆபத்து. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவராகப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம், அந்தப் பெண் விரும்பினால் குடும்ப வன்முறை அறிக்கையைப் பதிவு செய்து நடுவருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம். அதாவது நாம் எழுதுவது நீதிமன்றம் வரை போகக்கூடிய ஆவணம். அதில் "இவர் கொஞ்சம் சண்டைக்காரி" என்று நம் அபிப்பிராயத்தை ஒரு வரி சேர்த்தால் வழக்கே திசைமாறிப் போகலாம்.

ஆகவே என் பார்வையில் ஒரு நல்ல பதிவேட்டுக்கு இவை போதும்:

1. அன்றைய சந்திப்பை அன்றே, தேதியோடு எழுத வேண்டும்.
2. கண்டது, அவர் சொன்னது, நாம் நினைப்பது மூன்றையும் கலக்கக் கூடாது.
3. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, திருத்தச் சொல்ல வேண்டும்.
4. மனுக்களின் நகலும் எண்ணும் அவர் கையில் இருக்க வேண்டும்.
5. அந்தரங்கமானவற்றைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.
6. வேலையை விட்டுப் போகும்போது அடுத்தவரிடம் முறையாக ஒப்படைக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் மீறப்படுகிறது. திட்டம் முடிகிறது, பணியாளர் மாறுகிறார், கோப்பு நகரத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு புதியவர் ஒருவர் வந்து அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்கிறார். மகனை இழந்த கதையை ஒரு தாய் நான்காவது முறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதுவதற்கு நேரமில்லை, மக்களுக்கு வேலை செய்யவே நேரம் போதவில்லை என்று சொல்பவர்கள் அந்தத் தாயின் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எழுதுவதும் மக்களுக்குச் செய்யும் வேலைதான்.